ஊர் வாயும் ஹேக்கர் வாயும்

"ஹேக்கர் வேற, கிராக்கர் வேற. நாங்க நல்லவங்க. திருடுறவன் பேரு கிராக்கர்."

இந்த ஒரு வசனத்தை இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்லிக்கிட்டு இருக்கப் போறோம் மக்களே? எங்கயாவது ஒரு தரவுத்தளம் கசிஞ்சு, ஊர் ஜனத்தோட போன் நம்பரும் ஆஸ்பத்திரி ரசீதும் சந்திக்கு வருது. மறுநாள் பேப்பர்ல, முகமூடி போட்ட ஆசாமி படத்தோட "ஹேக்கர்கள் கைவரிசை"ன்னு தலைப்பு. உடனே நம்ம பொட்டி தட்டுற கூட்டம் அகராதியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துடுது. அந்தச் சொல் எம்.ஐ.டி. மாணவர்களோட ரயில் பொம்மை கிளப்புல பொறந்ததாம், அதுக்கு அர்த்தமே வேறயாம். வரலாறு சரிதான், நான் மறுக்கல. ஆனா வீட்டுல களவு போயிடுச்சுன்னு தலையில கை வெச்சு உக்காந்திருக்கிறவர்கிட்ட போய், "பூட்டு திறக்கிற கலைக்கும் திருட்டுக்கும் வித்தியாசம் தெரியுமா சார்?"னு பாடம் எடுத்தா அவர் என்ன பண்ணுவார்? முதல்ல நம்ம சட்டைப் பையைத்தான் தடவிப் பார்ப்பார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாதுன்னு சும்மாவா சொன்னாங்க. மூட முடியாத வாய்க்குப் பதில்தான் சொல்லணும். அந்தப் பதிலை எப்படிச் சொல்றதுங்கிறதுதான் இந்தப் பதிவு.

ஊர் கோபப்படும்போது ஹேக்கர் கூட்டம் வழக்கமா செய்யிற மூணு காரியம் இருக்கு. மூணுமே உருப்படாதது.

1. மேல சொன்ன அகராதி பாடம்.

2. நக்கல். "இவ்வளவு மொக்கையான கடவுச்சொல் வெச்சா அப்படித்தான் ஆகும்", "படிக்காத ஜனங்க, இவங்களுக்கு என்ன புரியும்". அடி வாங்கினவனையே குத்தவாளி ஆக்குறது.

3. தியாகி வேஷம். "உலகம் எங்களைப் புரிஞ்சுக்கலை"ன்னு சொல்லிட்டு இருட்டு மூலையில போய் உக்காந்துக்கிறது.

மூணுக்கும் பொதுவான ஒரு விஷயம், ஊர் கேட்ட கேள்விக்கு மூணுலயும் பதில் கிடையாது. ஊர் கேக்குறது ரொம்ப சாதாரணமான கேள்வி. "என் வீட்டுப் பூட்டைத் திறக்கத் தெரிஞ்சவன் நீ. உள்ள வர மாட்டேன்னு எதை வெச்சு நான் நம்புறது?" இது முட்டாள் கேள்வி இல்லீங்க. நியாயமான கேள்வி.

இதுக்கு ஒழுங்கா பதில் சொல்லக் கத்துக்கிட்ட கூட்டம் ஒண்ணு இருக்கு, ஜெர்மனியோட கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப். 1981-ல பெர்லின்ல ஆரம்பிச்சு இன்னிக்கும் நடக்குது. அவங்க புனிதர்கள்னு சொல்ல வரல. செம அடி வாங்கித்தான் கத்துக்கிட்டாங்க.

முதல்ல 1984. ஜெர்மன் தபால் துறை அப்போ 'பில்ட்ஷிர்ம்டெக்ஸ்ட்'னு ஒரு சேவை நடத்திக்கிட்டு இருந்தது. இன்டர்நெட் வீட்டுக்கு வர்றதுக்கு முந்தின காலம். டெலிபோன் கம்பி வழியா டிவி திரையில பக்கம் பக்கமா தகவல் வரும், சில பக்கத்தைப் பார்க்கக் காசு. பாதுகாப்பானதுன்னு தபால் துறை சத்தியம் பண்ணிச்சு. கிளப்பைச் சேர்ந்த வாவ் ஹாலண்டும் ஸ்டெஃபன் வெர்னேரியும் ஹாம்பர்க் சேமிப்பு வங்கியோட கணக்கு வழியா உள்ள போய், தங்களோட கட்டணப் பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வெச்சாங்க. ஒரு தடவைக்கு 9.97 மார்க். விடியிறதுக்குள்ள 1,34,694 மார்க் 70 ஃபென்னிக் கிளப் கணக்குல ஏறிடுச்சு.

அடுத்து அவங்க செஞ்சதுதான் முக்கியம். ஹாம்பர்க்கோட தரவுப் பாதுகாப்பு அதிகாரிகிட்டயும் பத்திரிகைக்காரங்ககிட்டயும் அவங்களே போய்ச் சொன்னாங்க. இதான் செஞ்சோம், இப்படித்தான் செஞ்சோம், பணம் இந்தாங்க. திருடன் பணத்தை வெச்சுக்கிட்டு பேரை மறைப்பான். இவங்க பேரைச் சொல்லிட்டுப் பணத்தைத் திருப்பிக் குடுத்தாங்க. ஒரு அகராதியும் இல்லாம ஊருக்கு வித்தியாசம் புரிஞ்சு போச்சு.

இதோட நிறுத்தினா இது வெறும் விசிலடிச்சான் பதிவு ஆயிடும். மேல கேளுங்க.

1987-ல நாசா உள்பட பல ஆராய்ச்சி நிறுவனங்களோட வாக்ஸ் கம்ப்யூட்டர்களுக்குள்ள ஜெர்மன் பசங்க புகுந்தது வெளிய வந்தது. அதை வெளிய கொண்டு வந்ததுல கிளப்புக்கும் பங்கு உண்டு. ஆனா இந்தத் தடவை கைதட்டல் கிடைக்கல, வீடு புகுந்து சோதனைதான் கிடைச்சது. 1988-ல பாதுகாப்பு மாநாட்டுக்காகப் பாரீஸ் போன வெர்னேரியைப் பிரெஞ்சு போலீஸ் பிடிச்சு ரெண்டு மாசத்துக்கு மேல உள்ள வெச்சது.

1989 மார்ச்ல அதைவிடப் பெரிய இடி. ஹனோவர், பெர்லின் பக்கத்துப் பசங்க சில பேர் அமெரிக்கக் கம்ப்யூட்டர்கள்ல இருந்து எடுத்ததை கிழக்கு பெர்லின்ல சோவியத் கே.ஜி.பி.க்கு வித்திருக்காங்கன்னு செய்தி. அதைத் துரத்திப் பிடிச்ச கதை பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். கலிஃபோர்னியாவுல பெர்க்லி ஆய்வகத்துல கணக்குல 75 சென்ட் உதைக்குதேன்னு தோண்ட ஆரம்பிச்ச கிளிஃபோர்ட் ஸ்டால், அதைப் புத்தகமாவே எழுதினார்.

அந்தப் பசங்கள்ல ஒருத்தன் கார்ல் கோஹ். கிளப்போட கூட்டங்களுக்கு வந்து போனவன். போதைப் பழக்கத்துல சிக்கி, மனசு உடைஞ்சு கிடந்தவன். 1988-லயே அதிகாரிகள்கிட்ட தானா போய் நடந்ததைச் சொல்லிட்டான். 1989 மே மாசம் காணாமப் போனான். அப்புறம் ஒரு காட்டுல எரிஞ்ச உடம்பா கிடைச்சான். தற்கொலைன்னு வழக்கை மூடினாங்க. அது கொலைன்னு நம்புறவங்க இன்னிக்கும் இருக்காங்க. வயசு 23.

இப்போ ஊர் என்ன சொல்லும்? "ஹேக்கர்னா ஒற்றன். நாட்டை விக்கிறவன்."

கிளப்புக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. "அவன் எங்க ஆளே இல்ல"ன்னு கையைக் கழுவிட்டுப் போறது. நாம எல்லாரும் செய்யிறதும் அதைத்தான். ஆனா அங்க காரசாரமா ஒரு விவாதம் நடந்தது. தகவல் சுதந்திரமா இருக்கணும்னு பேசுற கூட்டத்துக்குள்ள வந்து போன ஒருத்தன் உளவுக்காரங்களுக்குத் தகவல் வித்தான்னா, நம்ம பேச்சுல எங்க ஓட்டை? ஸ்டீவன் லெவி 1984-ல எழுதின புத்தகத்துல ஹேக்கர் நெறிகள்னு ஒரு பட்டியல் போட்டிருந்தார். கிளப் அந்த எண்பதுகள்லயே அதோட ரெண்டு வரி சேர்த்திருந்தது. அடுத்தவன் தரவுல குப்பை போடக் கூடாது. பொதுத் தகவல் பொதுவுக்குக் கிடைக்கணும், தனிமனுஷன் தகவல் பாதுகாக்கப்படணும். கே.ஜி.பி. விவகாரத்துக்கு அப்புறம் அந்த ரெண்டு வரிக்கும் தனி கனம் வந்துடுச்சு.

ரெண்டே வரிதான். ஆனா ஊர் கேட்ட கேள்விக்கு அதுதான் நேரான பதில். "எங்களை நம்புங்க"ன்னு சொல்லாம "இதுதான் எங்க எல்லை, தாண்டினா எங்களையே கேளுங்க"ன்னு எழுதி வெச்சாச்சு.

எழுதி வெச்ச எல்லை நாலு பேர் நம்மையே திருப்பிக் கேக்க உதவும். 2008-ல கிளப்போட பத்திரிகை, உள்துறை அமைச்சர் வொல்ஃப்காங் ஷொய்ப்லேயோட கைரேகையை ஒரு தண்ணி கிளாஸ்ல இருந்து எடுத்ததுன்னு அச்சுல போட்டுச்சு. விரல்ல ஒட்டிக்கிற பிலிமும் சேர்த்து. பாஸ்போர்ட்டுல எல்லாரோட கைரேகையையும் சேர்க்கிற சட்டத்துக்கு எதிர்ப்பு. ரேகை ரகசியமே இல்ல, தொட்ட இடமெல்லாம் விட்டுட்டுப் போறதுங்கிற வாதத்தை இதைவிட நல்லா புரிய வைக்க முடியாது. ஒத்துக்கிறேன். ஆனா கடவுச்சொல்லை மாத்திக்கலாம், விரலை மாத்த முடியாது. அமைச்சரும் ஒரு தனிமனுஷன்தானே? அவங்க எழுதின வரியை வெச்சே அவங்களை இடிக்கிறேன் பாருங்க. இப்படி இடிக்க இடம் குடுக்குற கூட்டத்தைத்தான் ஊர் நம்பும். எல்லையே சொல்லாதவனை எதை வெச்சுக் கேக்குறது?

அந்த நம்பிக்கை 2011 அக்டோபர்ல கை குடுத்துச்சு. போலீஸ் பயன்படுத்துற வேவு மென்பொருள் இருந்த ஹார்ட் டிஸ்க்குகள் கிளப் கைக்கு வந்தது. பிரிச்சு மேஞ்சதுல, இன்டர்நெட் போன் பேச்சை மட்டும் ஒட்டுக் கேக்கத்தான் அனுமதின்னு சொன்ன சரக்கு, திரையைப் படம் எடுக்குது, வேற நிரலை உள்ள இறக்கவும் அதுல வழி இருக்குன்னு தெரிஞ்சது. உள்துறை அமைச்சகத்துக்கு முன்கூட்டியே சொல்லிட்டு, அப்புறம் ஆய்வறிக்கையையும் அந்த மென்பொருளையும் ஊருக்கு முன்னாடி வெச்சாங்க. பெரிய நாளிதழ்கள் பக்கம் பக்கமா போட்டுச்சு. பவேரியா அரசாங்கம் பயன்படுத்தினதை ஒத்துக்கிட்டது. இதே செய்தியை பேர் இல்லாத முகமூடி ஆசாமி ஒருத்தன் சொல்லியிருந்தா? "கிரிமினல் போலீசைக் குத்தம் சொல்றான்"னு ரெண்டு நாள்ல மறந்திருப்பாங்க. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஊருக்குக் கணக்கு ஒப்பிச்ச கூட்டம் சொன்னதாலதான் மந்திரிங்க பதில் சொல்ல வேண்டியதாச்சு.

அதே 2011-ல மறுபக்கத்தையும் பாருங்க. லல்ஸ்செக்னு ஒரு குழு. "சிரிக்கிறதுக்காக" ஹேக் பண்றோம்னு பேரே வெச்சுக்கிட்டாங்க. சோனி மாதிரி பெரிய கம்பெனிங்களை அடிச்சப்போ ஊர்லயும் கொஞ்ச பேர் ரசிச்சாங்க. அப்புறம் ஜூன் மாசம் 62,000 பேரோட மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் அப்படியே தூக்கி வெளிய போட்டாங்க. அந்த 62,000 பேரும் யார்? எந்தக் கம்பெனிக்கும் முதலாளி இல்ல. உங்க அக்கா, என் சித்தப்பா மாதிரி ஆளுங்க. ஊர் கொதிச்சப்போ அவங்க குடுத்த பதில், இன்னும் நாலு நக்கல். அம்பது நாள் ஆட்டம் ஆடிட்டுக் கடையை மூடினாங்க. தலைவன் மாதிரி இருந்தவன் அந்த ஜூன்லயே எஃப்.பி.ஐ.கிட்ட மாட்டி, கூட்டாளிங்களைக் காட்டிக் குடுத்துக்கிட்டு இருந்தான்னு 2012 மார்ச்ல வெளிய வந்தது. எல்லை இல்லாத கூட்டத்துல நட்புக்கும் எல்லை கிடையாது போல :-)

சரி, கணக்கு ஒப்பிச்சா போதுமா? போதாது. இன்னொரு பாதி இருக்கு. நேர்மையா நடந்துக்கிட்டவனை ஊரோ ஆளுங்களோ அடிக்க வந்தா, கூட்டமா முன்னாடி போய் நிக்கணும்.

2021 மே. ஜெர்மனியோட சி.டி.யு. கட்சி வீடு வீடா ஓட்டுக் கேக்குற தொண்டர்களுக்காக ஒரு செயலி வெச்சிருந்தது. லிலித் விட்மன்ங்கிற ஆய்வாளர் அதுல ஓட்டை கண்டுபிடிச்சாங்க. சுமார் 18,500 தொண்டர்களோட விவரம் திறந்து கிடக்குது. கட்சிக்கும், அரசாங்க இணையப் பாதுகாப்பு அமைப்புக்கும், தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் சொன்னாங்க. செயலியை எடுத்தாச்சு. அதுக்கப்புறம்தான் ஊருக்குச் சொன்னாங்க. புத்தகத்துல எழுதி வெச்ச மாதிரி நடந்துக்கிட்டாங்க. பதிலுக்கு என்ன கிடைச்சது? கட்சி போலீஸ்ல புகார் குடுத்தது ஆகஸ்ட்ல தெரிஞ்சது.

கேயாஸ் கிளப் உடனே பகிரங்கமா சொல்லிடுச்சு, இனிமே சி.டி.யு.வோட எந்த ஓட்டையையும் அவங்களுக்கு நாங்க சொல்லப் போறதில்லன்னு. கட்சி மன்னிப்புக் கேட்டுப் புகாரை வாபஸ் வாங்கினது. யார் வேணும்னாலும் பார்க்கிற மாதிரிதானே கிடந்ததுன்னு அரசு வக்கீலும் செப்டம்பர்ல வழக்கை மூடினார்.

"சொல்ல மாட்டோம்னா அடி வாங்கப் போறது அப்பாவித் தொண்டன்தானே?"ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. நானும் யோசிச்சேன். ஆனா பிரச்சனை கட்சிக்கும் கிளப்புக்கும் மட்டுமானது இல்ல. சொன்னவனுக்கு ஜெயில்னா அடுத்த ஓட்டையைப் பார்க்கிறவன் வாயைத் திறக்க மாட்டான், அல்லது வேற எவனுக்காவது வித்துடுவான். அந்த நஷ்டம் இன்னும் பல மடங்கு அப்பாவிங்க தலையில விடியும். அதுவும் கிளப் ரகசியமா மிரட்டல, பதிலுக்குக் கட்சியோட கம்ப்யூட்டரை அடிக்கல. ஊர் முன்னாடி காரணத்தோட சொல்லிச்சு. அதனாலதான் ஊர் யார் பக்கம்னு உடனே தெரிஞ்சு போச்சு.

இப்போ நம்ம ஊர். இந்தியாவுல 2010-ல ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், அமெரிக்காவோட அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தோட ராப் கோங்கிரைப் மூணு பேரும் சேர்ந்து மின்னணு ஓட்டு இயந்திரத்துல என்னென்ன செய்ய முடியும்னு ஆய்வு வெளியிட்டாங்க. இந்த ராப் ஏற்கனவே 2006-ல நெதர்லாந்துல கேயாஸ் கிளப்போட சேர்ந்து ஓட்டுக் கம்ப்யூட்டரைப் பிரிச்சுக் காட்டினவர். தேர்தல் ஆணையம் இவங்க ஆய்வை ஏத்துக்கல. ஆகஸ்ட்ல ஹரி பிரசாத் கைதானார், ஆய்வு செஞ்ச இயந்திரம் திருட்டுப் போனதுங்கிற வழக்குல. யார் குடுத்தாங்கன்னு அவர் சொல்லல. ஆய்வு சரியா தப்பாங்கிற சண்டைக்குள்ள நான் போகல. நான் சொல்ல வர்றது, இயந்திரத்தைப் பத்தி நடந்திருக்க வேண்டிய விவாதம் "இயந்திரம் எங்கருந்து வந்தது?"ங்கிற விவாதமா திரும்பிடுச்சு. உலகத்துல எங்க போனாலும் முதல் கேள்வி அதான் வரும். அதுக்குப் பதிலைத் தயாரா வெச்சுக்கணும். அப்படி ஒருத்தர் மாட்டும்போது முன்னாடி வந்து நிக்க, கேயாஸ் கிளப் மாதிரி முப்பது நாப்பது வருஷக் கணக்கோட ஒரு கூட்டம் நம்மகிட்ட எங்க இருக்கு?

சட்டமும் நம்மளைத் தாலாட்டல. 2000-ல வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 66-வது பிரிவுக்குத் தலைப்பே 'ஹேக்கிங்'தான். 2008 திருத்தத்துல அந்தச் சொல் போச்சு. நேர்மையில்லாம, மோசடியா செஞ்சாதான் 66-ல குத்தம்னு வந்தது, மூணு வருஷம் வரைக்கும் சிறை, அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம். ஆனா 43-வது பிரிவுப்படி சொந்தக்காரர் அனுமதி இல்லாம உள்ள போனாலே நஷ்டஈடு கேக்கலாம். நல்ல எண்ணமான்னு அங்க யாரும் கேக்கப் போறதில்ல.

எனக்கே ஒரு அனுபவம். ஒரு கடையோட தளத்துல என் ரசீதைப் பார்க்கும்போது, முகவரியில ஒரு எண் மாறினா அடுத்தவர் ரசீது வந்து நிக்குது. பேரு, வீட்டு விலாசம், எல்லாம். மூடிட்டு அவங்களுக்கு மரியாதையா ஒரு மடல் போட்டேன். பதில் வந்தது, வக்கீல் பாஷையில. அத்துமீறி நுழைஞ்சிருக்கேனாம், நடவடிக்கை எடுப்பாங்களாம். ஓட்டையை அடைச்சாங்களான்னு ஒரு வார்த்தை இல்ல. நான் குடும்பஸ்தன், வேலையில இருக்கிறவன், எப்படியோ சமாளிச்சேன். அந்த மடல் கல்லூரி ரெண்டாம் வருஷம் படிக்கிற ஒரு பையனுக்குப் போயிருந்தா? அடுத்த தடவை அவன் யார்கிட்ட போய்ச் சொல்லுவான்னு யோசிச்சுப் பாருங்க. கார்ல் கோஹ் மாதிரிப் பசங்க தனியா விடப்படுற இடம் அதுதான்.

"சட்டம் இப்படி இருக்கும்போது பேரைச் சொல்லிக்கிட்டு முன்னாடி வரச் சொல்றியே, உனக்கென்ன?"ன்னு பின்னூட்டத்துல கும்முறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நியாயம்தான். ஜெர்மனியிலயே 2024 ஜனவரியில, ஒரு நிறுவனத்தோட கிட்டத்தட்ட 7,00,000 வாடிக்கையாளர் விவரம் திறந்து கிடந்ததைக் கண்டுபிடிச்சுச் சொன்ன கம்ப்யூட்டர் தொழில்காரருக்கு யூலிக் ஊர் கோர்ட்டு 3,000 யூரோ அபராதம் போட்டுச்சு. அதனால தனி ஆளா முன்னாடி வான்னு நான் சொல்லல. கூட்டமா வாங்கன்னு சொல்றேன். கூட்டத்துக்குப் பேர் இருக்கணும், விலாசம் இருக்கணும், எழுதின எல்லை இருக்கணும். ஒருத்தன் ஓட்டையைக் கண்டுபிடிச்சா அவன் பேரை மறைச்சுக் கூட்டம் பேசலாம். கூட்டமே முகத்தை மறைச்சா யார் பேசுறது?

முடிவா என் கட்சி இதுதான்:

- ஊர் கோபப்பட்டா அகராதியை மூடி வைங்க. யாருக்கு என்ன நஷ்டம்னு முதல்ல கேளுங்க.
- கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லுங்க. என்ன பார்த்தோம், எதைத் தொடல, யாருக்குச் சொன்னோம், என்னிக்குச் சொன்னோம்.
- எல்லையை எழுதி எல்லாரும் பார்க்கிற இடத்துல ஒட்டுங்க. அதை வெச்சே உங்களை இடிச்சா கோபப்படாதீங்க.
- நம்மாளு எல்லை தாண்டினா "அவன் கிராக்கர்"னு பேரை மாத்தி ஊத்தி மூடாதீங்க. நம்மாளு தப்புப் பண்ணிட்டான்னு சொல்லுங்க.
- எல்லைக்குள்ள நின்னவனை அடிக்க வந்தா, வக்கீல் செலவுல இருந்து ஆரம்பிச்சு கூட நில்லுங்க.

மடியில கனமில்லன்னா வழியில பயமில்லன்னு நம்ம ஊர்ல ஈஸியா சொல்லிடுவாங்க. ஆனா மடியில கனமில்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சா போதாது சாமி. எதிர்ல வர்றவனுக்கும் தெரியணும். அதுக்கு மடியை அவிழ்த்துக் காட்டித்தான் ஆகணும்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு "பக்கத்து வீட்டு வை-ஃபை கடவுச்சொல் எடுக்கச் சொல்லிக் குடுங்க தல"ன்னு தனிமடல் போடுறவங்களுக்கு: பதிவை மறுபடியும் முதல்ல இருந்து படிக்கவும். :-)